பனிமலைக்கு ஒரு சிக்கனப் பயணம்



பெரம்பலூரிலிருந்து ஆத்தூருக்குச் செல்லும் சாலையில், பச்சைமலைக்குக் கிழக்கே அமைந்திருப்பது எங்கள் வேப்பந்தட்டை. வானம் பார்த்த பூமி அது. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் எங்கள் மக்களுக்குச் சோறு போடும் பயிர்கள். பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் எங்கள் ஊரில் உண்டு. பனி என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு நினைவு வருவது, விடியற்காலையில் வைக்கோற்போரின் மீது படிந்திருக்கும் ஈரந்தான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஆயினும் அந்தப் பனி, வெயில் ஒரு முழம் ஏறினால் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து, சிறு குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, பனிச்சறுக்கு விளையாட்டைக் கற்பதற்காக நாங்கள் ஐந்து பேர் இமயமலைக்குப் போய் வந்தோம் என்று சொன்னால், உங்களில் சிலர் நகைக்கக்கூடும். 'பனிச்சறுக்கு செல்வர்களின் விளையாட்டாயிற்றே! வெங்காயம் பயிரிடும் குடும்பத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு?' என்று கேட்கவும் கூடும். எங்கள் தெருவிலும் அப்படித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் பேச வந்திருக்கிறேன். நான் கணித ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே விடையைக் கணக்காகவே சொல்கிறேன். அந்தக் கணக்கில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அந்த விளையாட்டின் பிறப்பைப் பார்ப்போம். 'ஸ்கீ' என்பது நார்வே நாட்டாரின் சொல். பழைய நார்வே மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பிளந்த மரத்துண்டு என்று பொருள். ஆண்டில் பல மாதங்கள் வெண்பனி மூடிக் கிடக்கும் அந்த நாட்டிலே, பனியில் கால் புதையாமல் நடப்பதற்கும், வேட்டைக்குச் செல்வதற்கும், அண்டை ஊருக்குப் போய் வருவதற்கும் மரப்பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டார்கள். நமக்கு மாட்டுவண்டி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. இக்காலப் பனிச்சறுக்கு விளையாட்டின் தந்தை என்று போற்றப்படும் சாண்ட்ரே நார்ஹைம் என்பவர் 1825-இல் பிறந்தவர். டெலிமார்க் என்னும் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடியானவர். ஆகவே இந்த விளையாட்டு அரண்மனையில் பிறந்ததன்று. குடிசையில் பிறந்து, பிற்காலத்திலே செல்வர் வீடு சென்றது. நம் நாட்டிலும், பெய்ஜிங் நகரில் 2022-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனியொருவராகப் போட்டியிட்ட ஆரிப் கான், காஷ்மீரத்தில் குல்மார்க்கை அடுத்த மலைப்பகுதியில் வளர்ந்தவர். பனிச்சறுக்கில் இந்தியாவுக்கு முதல் பன்னாட்டுப் பதக்கத்தை 2018-இல் துருக்கி நாட்டிலிருந்து கொண்டுவந்த ஆஞ்சல் தாக்கூர், மணாலிக்கு அருகிலுள்ள புருவா என்னும் சிற்றூரைச் சேர்ந்த பெண்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 2023-ஆம் ஆண்டு கோடையில், அப்போது ஐந்து வயது நிரம்பியிருந்த என் பேரன் ஒரு படப்புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, இந்த மலைமேல இருக்கிற ஐஸ் ஏன் உருகவே இல்லை? அங்கே யார் பிரிட்ஜ் வெச்சிருக்கா?" என்று கேட்டான். ஒன்பது வயதுப் பேத்தி தன் தம்பிக்கு விளக்கம் சொல்ல முயன்று, தானும் குழம்பினாள். அவ்வாண்டு சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போயிற்று. கடனை அடைத்து, விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கியது போகக் கையில் ஒரு தொகை நின்றது. என் மகள்தான் முதலில் சொன்னாள்: "அப்பா, நாங்க ரெண்டு பேரும் சின்ன வயசுல திருச்சியைத் தாண்டிப் போனதில்லை. பிள்ளைங்களாவது ஒரு தடவை பனியைப் பார்க்கட்டும்." என் மருமகன் சற்றுத் தயங்கினார். "மாமா, இந்தப் பணம் மறுபடி எந்த வருஷம் வரும்னு தெரியாது. போனா உருப்படியாப் போய் வரணும்" என்றார். திட்டமிடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டையும் கறவை மாடுகளையும் பார்த்துக்கொள்ள என் மனைவி ஊரில் தங்கிவிட, நாங்கள் ஐவர் செல்வதென முடிவாயிற்று.

திட்டம் என்பது மூன்று வினாக்களுக்கு விடை காண்பது. எங்கே? எப்போது? எவ்வளவு?

எங்கே என்பதை முதலில் எடுத்துக்கொண்டேன். இந்தியாவில் பனிச்சறுக்குக்குப் பெயர் பெற்ற இடங்களுள் மூன்றை ஒப்பிட்டுப் பார்த்தேன். முதலாவது காஷ்மீரத்துக் குல்மார்க். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவடத் தொட்டிலில் 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரை ஏறலாம். தேர்ந்தவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் எங்களைப்போல் அரிச்சுவடி படிக்கப் போகிறவர்களுக்கு அவ்வளவு பெரிய மலை தேவையில்லை, செலவும் மிகுதி. இரண்டாவது உத்தராகண்டத்து ஔலி. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த அழகிய இடம். ஆயினும் 2023 ஜனவரியில், அடிவாரத்து ஜோஷிமட நகரில் நிலம் தாழ்ந்து வீடுகள் வெடித்தன. ஔலிக்குச் செல்லும் கம்பிவடப் போக்குவரத்தும் நிறுத்தப்பட்டது. அந்நகர மக்கள் துயருற்றிருந்த வேளையில், குழந்தைகளோடு அங்கே செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றாவது இமாசலப் பிரதேசத்துச் சோலாங் பள்ளத்தாக்கு. மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர் அளவில் உள்ளது. ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரம். தொடக்க மாணவருக்கு ஏற்ற தாழ்வான சரிவுகள் உண்டு. எல்லாவற்றிற்கும் மேலாக, இரவில் மணாலியிலே தங்கலாம். மணாலியின் உயரம் ஏறத்தாழ 2,050 மீட்டர்தான். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் காற்றின் அடர்த்திக் குறைவால் தலைவலி, குமட்டல் போன்ற மலைநோய்கள் தோன்றுகின்றன. பகலில் மேலே விளையாடி, இரவில் கீழே உறங்குவது குழந்தைகளுக்கு நல்லது. ஆகவே சோலாங்கைத் தேர்ந்தேன்.

அடுத்து, எப்போது? இங்கேதான் நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு உள்ள இடர். நமக்கு நீண்ட விடுமுறை சித்திரை, வைகாசியில். அப்போது சோலாங்கில் புல்தான் இருக்கும். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாயில் பனி கிடைக்கலாம். ஆனால் சிறு குழந்தைகளை ஒரே மூச்சில் அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசெல்வது அறிவுடைமை ஆகாது. அரையாண்டு விடுமுறையிலோ, புத்தாண்டுக் கூட்டத்தால் அறை வாடகை மலை ஏறிவிடுகிறது. ஆகவே பொங்கல் விடுமுறையோடு சில நாட்களைச் சேர்த்து, 2024 ஜனவரி நடுவில் செல்வதென்று முடிவு செய்து, நான்கு மாதங்களுக்கு முன்பே இரயிலில் இடம் பதிந்தேன். அப்போது 120 நாட்களுக்கு முன்பே பதியலாம்; 2024 நவம்பர் முதல் அது 60 நாட்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் நடந்தது என்ன? அந்த ஜனவரியில் இமயத்தின் மேற்குப் பகுதியில் பனியே பெய்யவில்லை! குல்மார்க்கின் சரிவுகள் பழுப்புப் புல்லாய்க் கிடந்த படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று. அவர்களுக்குக் குளிர்காலப் பனியைத் தருவது, மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்கத்தியக் காற்றுக் குழப்பங்கள். அவை அவ்வாண்டு ஜனவரியில் ஏமாற்றிவிட்டன. எங்கள் வீட்டில் குழந்தைகளின் முகம் வாடிற்று. 'பனி இல்லாவிட்டால் என்ன, மலையையாவது பார்த்து வருவோம்' என்று மகள் சொன்னாள். என் மருமகன் மட்டும் அமைதியாக, "மழை பெய்யாம விதைக்கலாமா மாமா? காத்திருப்போம்" என்றார். மானாவாரி விவசாயியின் அறிவு அது. பயணச் சீட்டுகளை இரத்து செய்தோம். அதில் ஒரு சிறு தொகை நட்டம். ஜனவரி முடிவில் அங்கே பனி கொட்டத் தொடங்கிற்று. வேறொரு வண்டியில் பிப்ரவரி நடுவில் இடம் கிடைத்தது. பள்ளித் தலைமையாசிரியரிடம் முறையாக விண்ணப்பம் கொடுத்து விடுப்புப் பெற்றோம். விடுபடும் பாடங்களை நான் இரயிலிலேயே சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டேன். சீட்டை இரத்து செய்து இழந்த அந்தச் சிறு தொகைதான், எங்கள் முழுத் தொகையையும் காத்தது.

மூன்றாவது வினா, எவ்வளவு? தொகையை நான் சொல்லப் போவதில்லை. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். விகிதத்தைச் சொல்கிறேன்; அது உங்களுக்குப் பயன்படும். என் தந்தையார் ஒரு ரூபாயைப் பதினாறு அணாவாகப் பிரித்துத்தான் குடும்பக் கணக்கு எழுதுவார். நானும் அப்படியே பிரித்தேன். போக்குவரவுக்கு 6 அணா. தங்குவதற்கும் உணவுக்கும் 4 அணா. ஆசிரியருக்கும் சறுக்குக் கருவிகளின் வாடகைக்கும் 3 அணா. குளிர்தாங்கும் உடைக்கு 2 அணா. எதிர்பாராச் செலவுக்கு 1 அணா. ஆகப் பதினாறு.

ஒவ்வொன்றிலும் எங்கே குறைக்கலாம் என்று பார்த்தேன். பெரம்பலூர் நகருக்கு இருப்புப்பாதை இல்லை என்பதை அறிவீர்கள். பேருந்தில் திருச்சிராப்பள்ளி, அங்கிருந்து இரயிலில் சென்னை, சென்னையிலிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து தில்லி, தில்லியிலிருந்து மலைநாட்டு அரசுப் பேருந்தில் மணாலி; இது எங்கள் வழி. குளிர்பதனமில்லாத படுக்கை வகுப்பில் சென்றோம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேளாவிட்டால் கட்டணம் இல்லை; ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருப்பவருக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம். பேரன் தாயோடு படுத்துக்கொண்டான். அரைக் கட்டணம் மிச்சம். பேத்திக்கு முழுப் படுக்கை எடுத்தோம். புளியோதரையும் எள்ளுருண்டையும் வறுத்த வேர்க்கடலையும் கொண்டுபோனோம். ஆக்ரா, சிம்லா என்று வழியில் உள்ள இடங்களையெல்லாம் அடைத்துக்கொள்ளவில்லை. ஓரிடத்தில் ஐந்து இரவு என்பதே எங்கள் திட்டம். இடம் மாறுந்தோறும் பணம் கரையும். குழந்தைகளும் களைத்துப் போவார்கள். மணாலியில் சமையலறையோடு கூடிய எளிய வீட்டறை ஒன்றை எடுத்தோம். என் மகள் அங்கேயே அரிசிக் கஞ்சியும் துவையலும் செய்தாள். இவையெல்லாம் நல்ல சிக்கனங்கள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். உடைக்கென்று ஒதுக்கிய இரண்டு அணாவில் ஓர் அணாவை மிச்சப்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றிற்று. கம்பளிக் காலுறையும் கையுறையும் விலை மிகுந்தவை. ஊருக்குத் திரும்பினால் பயன்படாதவை. 'நாம் பருத்தி விளையும் மண்ணைச் சேர்ந்தவர்கள். தடித்த பருத்திக் காலுறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் குளிர் எப்படி உள்ளே வரும்?' என்று வாதாடினேன். மகள் அரைமனத்தோடு இசைந்தாள். மிச்சப்பட்ட அந்த ஓர் அணாவில், ஒரு நாள் வாடகைக் கார் அமர்த்தி, 2020-இல் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியாக அப்பால் உள்ள லாகுல் நாட்டைப் பார்த்து வரலாம் என்றும் திட்டம் போட்டேன்.

மணாலியை அடைந்த முதல் நாள் முழுதும் ஓய்வு. இரண்டாம் நாள், வார நாளாகப் பார்த்து, சோலாங் சென்றோம். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வெள்ளை. என் பேத்தி வாய் பேசாமல் நின்றாள். பேரன், "தாத்தா, இவ்வளவு உப்பா!" என்றான். சாலையோரத்துக் கடைகளில் மேலங்கியும் நீள் காலணியும் வாடகைக்குக் கிடைத்தன. பனித்தரையில் கால் வைத்ததுமே, ஐந்து நிமிடம் சறுக்க இவ்வளவு, படம் எடுக்க இவ்வளவு என்று பலர் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் முன்னதாகவே பேசி வைத்திருந்த ஆசிரியரைத் தேடிச் சென்றோம். முறையாகப் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருந்தவர் அவர். எத்தனை மணி நேரம், கட்டை, காலணி, ஊன்றுகோல், தலைக்கவசம் எல்லாம் சேர்த்தா என்பதைத் தாளில் எழுதிக் கேட்டுக்கொண்டோம். ஐந்து நிமிடச் சறுக்கல் வேடிக்கை. ஒன்றரை மணி நேரப் பாடம் கல்வி. விலையில் பார்த்தாலும் பாடமே மலிவு.

முதற்பாடம் எது தெரியுமா? விழுவது! பின்புறமாக விழாமல், பக்கவாட்டில் சாய்ந்து விழவேண்டும். பிறகு எழுவது. அதன்பின், சரிவுக்குக் குறுக்கே நின்று, படியேறுவதுபோல் பக்கவாட்டில் ஏறுவது. அதற்கும் அடுத்துத்தான் சறுக்குவது. குழந்தைகளுக்கு ஊன்றுகோலே கொடுக்கவில்லை. முதலில் கால்கள் பழக வேண்டும் என்றார் ஆசிரியர். காலணியுள் குதிகால் மேலெழக் கூடாது, ஆனால் விரல்கள் அசைய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் அழுத்திப் பார்த்தார்.

முக்கால் மணி நேரம் மகிழ்ச்சியாகச் சென்றது. பேரன் விழுந்தான், எழுந்தான், பனியில் அமர்ந்தான், அதை அள்ளி எறிந்தான். பிறகு திடீரென்று அவன் பேச்சு நின்றுவிட்டது. களைத்துவிட்டான் என்று நான் நினைத்தேன். ஆசிரியர்தான் ஓடி வந்து அவன் கையுறையைக் கழற்றினார். பருத்திக் கையுறை முற்றும் நனைந்திருந்தது. அவனுடைய நான்கு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. "வலிக்குதாடா?" என்று கேட்டேன். "வலிக்கலை தாத்தா. விரலே இல்லாத மாதிரி இருக்கு" என்றான். நேயர்களே, என் வாழ்நாளில் நான் கேட்ட சொற்களில் என்னை அவ்வளவு நடுங்கச் செய்தவை வேறில்லை.

என் மருமகன் அவனைத் தூக்கிக்கொண்டு தேநீர்க் கடைக்கு ஓடினார். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் பையனின் கையை நெருப்பருகே கொண்டுபோனேன்; ஆசிரியர் தடுத்துவிட்டார். உணர்ச்சி இழந்த தோல், சுடுவதை உணராது, வெந்துபோகும். பனியாலோ கையாலோ தேய்ப்பதும் தவறு. உள்ளே திசு கிழியும். அவர் தம் மேலங்கியைத் திறந்து, சிறுவனின் இரு கைகளையும் தம் அக்குளில் வைத்து அணைத்துக்கொண்டார். ஈரக் காலுறைகளைக் களைந்து, என் துண்டால் பாதங்களைத் துடைத்து, மகள் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் விரல்கள் சிவந்தன; பையன் வலி தாங்காமல் அழத் தொடங்கினான். "அழட்டும், அழுதால் நல்லது" என்றார் ஆசிரியர். உறைபனிக் காயத்தின் முதற்படியோடு அது நின்றது. இன்னும் சிறிது நேரம் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைக்க அஞ்சுகிறேன்.

என் பிழை எங்கே என்று அன்றிரவு கணக்குப் பார்த்தேன். உடையில் வெப்பம் இல்லை. நம் உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது இழைகளுக்கு நடுவே அடைபட்ட காற்றுத்தான். பருத்தி இழை நீரை நன்றாக உறிஞ்சும். வெயிலில் வியர்வையை வாங்கி உலர்த்தும் அதே நற்குணம், பனியிலே தீய குணமாக மாறுகிறது. காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்துவிடுகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். கம்பளியோ, தன் எடையில் நூற்றுக்கு முப்பது பங்கு அளவு ஈரத்தை வாங்கிய பின்னும், தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. சுருண்ட இழைகளுக்கு நடுவே காற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதிலும் சிறுவர் உடல், எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுந்தது. ஆதலால் பெரியவரைவிட விரைவில் குளிர்ந்துவிடும். மாணவர்களுக்கு மேற்பரப்பையும் கன அளவையும் முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் நான். என் பேரனின் விரலில் அதைப் படித்தேன்.

மறுநாள் காலை, லாகுல் பயணத்தைக் கைவிட்டோம். அந்த ஓர் அணா மீண்டும் தன் இடத்துக்கே வந்தது. மணாலிக் கடைத்தெருவில் மலைநாட்டுப் பெண்கள் தம் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐவருக்கும் இரண்டிரண்டு இணை வாங்கினோம். ஒன்று நனைந்தால் மாற்றுவதற்கு. குழந்தைகளுக்கு நீர்புகாத கையுறையும் வாங்கினோம். உடலை ஒட்டி ஈரத்தை வாங்கும் மெல்லிய கம்பளி, அதன்மேல் காற்றைப் பிடிக்கும் தடித்த கம்பளி, அதற்கும் மேல் நீரும் காற்றும் புகாத அங்கி: இந்த மூன்றடுக்கை மறவாதீர்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். புதுப்பனி, புற ஊதாக் கதிர்களில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை திருப்பி அடிக்கிறது. கண் கூசுவதோடு நில்லாமல், புண்ணாகவும் செய்யும்.

பேரன் இனிப் பனிப்பக்கமே வரமாட்டான் என்று எண்ணினேன். குழந்தைகளின் மனம் நம் கணக்குக்கு அடங்குவதில்லை. அடுத்த நாள் அவனே முன்னால் நடந்தான். அன்றுதான் நிற்கும் வித்தையை ஆசிரியர் கற்பித்தார். சறுக்குக் கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்நுனிகளை அகற்றி, உட்புற விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறைந்து நின்றுவிடும். உலகெங்கும் அந்த நிலைக்குப் பெயர் பனிக்கலப்பை! ஆசிரியர் கையால் உழுது காட்டியதும், என் மருமகன் உரக்கச் சிரித்தார். "மாமா, இது நம்ம தொழில்தான்" என்று சொல்லிக்கொண்டே சறுக்கி, முதலில் விழுந்தவரும் அவரே. ஒரு நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் குழந்தைகளைப் பழக்கவில்லை. அரை மணிக்கு ஒருமுறை கையுறையைக் கழற்றி விரல்களைப் பார்த்தோம். குடுவையில் கொண்டுபோன வெந்நீரைக் குடிக்கச் செய்தோம். குளிரில் தாகம் தோன்றாது. ஆயினும் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கும். மூன்றாம் பாடம் முடியும்போது, பேத்தி சிறு சரிவின் உச்சியிலிருந்து தனியே இறங்கி, நினைத்த இடத்தில் நின்றாள். பேரன் பத்துப் பன்னிரண்டு அடி சறுக்கி, ஆசிரியரின் கால்களுக்கு நடுவே போய் நின்றான். சுரங்கப்பாதையைப் பார்க்கவில்லையே என்று அவர்கள் இன்றுவரை ஒருநாளும் கேட்டதில்லை.

மாணவ நேயர்களே! இந்தப் பயணத்தால் நான் அறிந்தது ஒன்றுதான். சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகக் கிள்ளுவதன்று. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று பிரித்தறிவதே சிக்கனம். இரயிலில் வகுப்பைக் குறைக்கலாம்; அறையின் அழகைக் குறைக்கலாம்; பார்க்கும் இடங்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்; கட்டைகளை வாங்காமல் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் குழந்தையின் உடலுக்கும் குளிருக்கும் நடுவே இருப்பதைக் குறைக்கக் கூடாது. கற்பிப்பவரின் தகுதியைக் குறைக்கக் கூடாது. ஓய்வு நாளைக் குறைக்கக் கூடாது. பனி பெய்யவில்லை என்றால் காத்திருக்கும் பொறுமையையும் குறைக்கக் கூடாது. பெருமழைபோல் பனி கொட்டும் நாளில் அறையிலேயே இருந்துவிடுங்கள். சாலை அடைபடும், பனிச்சரிவும் நேரும். ஆசிரியர் காட்டிய எல்லையைத் தாண்டிப் பளபளக்கும் புதுப்பனியை நாடிப் போகாதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சொல். உங்களுக்கு இதைவிட நல்ல வழி உண்டு. மணாலியில் 1961-இல் தொடங்கப்பட்ட மலையேற்றப் பயிற்சி நிறுவனமும், குல்மார்க்கில் மத்திய சுற்றுலாத் துறையைச் சேர்ந்த பனிச்சறுக்கு நிறுவனமும் குளிர்காலத்தில் முறையான வகுப்புகளை நடத்துகின்றன. தங்குமிடம், உணவு, கருவி, ஆசிரியர் எல்லாம் அடங்கிய பயிற்சிகள் அவை. வயது வரம்பையும் மருத்துவச் சான்றிதழையும் கேட்டறிந்து, முன்கூட்டியே விண்ணப்பித்தால், தனியே செல்வதைவிடக் குறைந்த செலவில் நிறையக் கற்கலாம். பள்ளி மாணவர்களாகிய நீங்களோ, உங்கள் வீட்டுக் கணக்கைத் திட்டமிடும் பொறுப்பை ஒருமுறை பெற்றோரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பயணம் இமயத்துக்காக இருக்க வேண்டியதில்லை. பச்சைமலைக்காக இருந்தாலும் போதும்.

ஊர் திரும்பியதும் அந்தக் கம்பளிகளைத் துவைத்து, நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு என் மனைவி ஒரு தகரப்பெட்டியில் வைத்தாள். 'இனி இவை எதற்கு?' என்று நான் முன்பு வாதாடினேன் அல்லவா? அடுத்த குளிர்காலத்தில், எங்கள் தெருவில் முன்பு நகைத்தவர்களுள் ஒருவர் தம் பிள்ளைகளோடு வடக்கே புறப்பட்டார். பெட்டி அவர் வீட்டுக்குப் போயிற்று. திரும்பி வரும்போது இன்னும் இரண்டு இணைக் காலுறைகளோடு வந்தது. இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. இரவல் கொடுக்கும்போதெல்லாம் என் பேரன் வாசலில் நின்று, வாங்கிக்கொள்பவரிடம் தவறாமல் ஒரு செய்தி சொல்கிறான்: "கையுறை நனைஞ்சா உடனே மாத்திடுங்க. பேசாம இருந்தா விரலைப் பாருங்க."

நான் அரை மணி நேரம் பேசினாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது.